திரும்பினான்

கடைசியாக அவனை உயிரோடு பார்த்தபோது அங்கமுத்துவின் கண்ணில் பட்டது முதுகுதான். வெளிர்நீலச் சட்டை. வலது தோளுக்குக் கீழே தையல் விட்டுப்போன இடத்தைக் கறுப்பு நூலால் பொடிப்பொடியாக இழுத்துத் தைத்திருந்தது. நீல நூல் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று அந்த நேரத்திலும் மனசு ஓரமாக நின்று நினைத்துக்கொண்டது. இரண்டு வருஷம் மூன்று மாசம் கழித்து, கோர்ட்டுத் தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற இந்தப் புதன்கிழமைக் காலையில், அவரைப் போட்டு அரிப்பது அதுதான். நூலின் நிறம் பார்க்க நேரம் இருந்திருக்கிறது. உயிருக்குப் பயந்தவன் எவனாவது நூல் பார்ப்பானா. பயம் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாமல் இல்லை. குடிநீர் வாரியத்தில் மோட்டார் ஆபரேட்டராக இருந்தபோது பம்ப் ஹவுஸ் மூலையில் கயிறு என்று காலை வைக்கப்போய் அது படமெடுத்து நின்றது. அன்றைக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, பாம்பு எந்த நிறம் என்று பிறகு கேட்டவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. அது பயம். வீட்டுக்குள் வந்தவன் முன்னால் நின்றபோது அப்படி வந்ததா. வந்திருக்கலாம். வந்தது என்றுதான் சொல்ல வேண்டும் என்கிறார் வக்கீல் சம்பத்குமார். இன்றைக்கு நீதிபதி அங்கமுத்துவைக் கூண்டில் ஏற்றி நேருக்கு நேர் கேள்வி கேட்கும் நாள். சாட்சிகளெல்லாம் முடிந்துவிட்டார்கள். இனி அவர் வாய்தான் பாக்கி. பத்தரைக்கு வரச் சொன்னார்கள், பதினொன்றரை ஆகிறது, உள்ளே வேறு யாருடைய வழக்கோ இழுத்துக்கொண்டிருக்கிறது.

அன்றைக்குப் பகல் மூன்றரை மணி. பச்சரிசி மாவு அரைத்துக்கொண்டு மில்லிலிருந்து வந்தார். கதவைப் பூட்டாமல் சும்மா சாத்திவிட்டுத்தான் போயிருந்தார். தெருக்கோடி மில்லுக்குப் போக யார் பூட்டுகிறார்கள். திரும்பி வரும்போது வாசல்படியில் ஒரு ஜோடி செருப்பு. ரப்பர் செருப்பு, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக ஒழுங்காகக் கழற்றி வைத்திருந்தது. மனைவி பாவாயி போன பிறகு அந்தப் படியில் அவர் செருப்பைத் தவிர இன்னொரு செருப்பு கிடந்து எத்தனையோ மாசம் ஆகியிருந்தது. எழவுக்கு வந்தவர்கள் போனார்கள், கருமாதிக்கு வந்தவர்கள் போனார்கள், மகள் கோகிலவாணி ஓசூரிலிருந்து மாசம் ஒரு தடவை என்று ஆரம்பித்து, பிறகு பொங்கலுக்கு என்று ஆகி, பிறகு போன் என்று ஆகிவிட்டது. அந்தச் செருப்பைப் பார்த்ததும் நெஞ்சுக்குள் ஒன்று துள்ளியது, அதை அவர் மறைக்கவில்லை, தனக்குத்தானே மறைத்து என்ன ஆகப்போகிறது. படியேறும்போதே குரல் கொடுத்தார், யாருங்க, வாங்க வாங்க என்று. உள்ளே போனால், எரிந்துபோன பழைய மோட்டாரிலிருந்து அவர் கழற்றி மூலையில் போட்டிருந்த செப்புக் காயிலை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு ஒருவன் நடுக்கூடத்தில் நின்றான். முப்பது முப்பத்திரண்டு வயசு இருக்கும். பெயர் மாதேஷ் என்பது பிறகு தெரிந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவன் காயிலைக் கீழே வைத்தான். போடவில்லை, வைத்தான், பால் சொம்பை வைக்கிற மாதிரி. வாசலை மறித்துக்கொண்டு அவர் நின்றதால் அவனுக்கு இருந்தது பின்கதவு ஒன்றுதான். திரும்பினான். கதவுக்குப் பின்னால் சாத்தியிருந்த பைப் ரெஞ்சு அவர் கைக்கு வந்தது. ரிட்டயர் ஆன பிறகும் தெருவால்வு இறுகிக்கொண்டால் அக்கம்பக்கத்தில் அவரைத்தான் கூப்பிடுவார்கள், அதற்காக அது எப்போதும் அங்கே நிற்கும். ஒரே அடி. வலது காதுக்குப் பின்னால், கொஞ்சம் மேலே. குப்புற விழுந்தவனைத் திருப்பிப் போட்டுப் பார்த்தபோது உயிர் இல்லை. மாவுப் பை வாசலிலேயே சாய்ந்து கிடந்தது, யாரோ வெகுநேரம் கழித்து அதை நிமிர்த்தி வைத்தார்கள்.

திரும்பினான். அந்த ஒரு சொல்லில்தான் அவர் இரண்டு வருஷமாகக் குடியிருக்கிறார். அன்று சாயங்காலமே வி.ஏ.ஓ. ஆபீசுக்கு நடந்துபோய், நடந்ததைச் சொன்னார். தெரிந்த மனிதர், பதறிப்போய்த் தண்ணீர் கொடுத்து, மெதுவாச் சொல்லுங்க என்று எழுதிக்கொண்டார். அவன் திரும்பினான், கையில் கிடைத்த ரெஞ்சால் அடித்துவிட்டேன். அவர் சொன்னது அது, எழுதியதும் அது, கீழே கையெழுத்துப் போட்டதும் அதற்குத்தான். பொய் ஒரு துளி கிடையாது. ஆனால் தமிழில் திரும்பினான் என்றால் போகத் திரும்பினான் என்றும் ஆகும், மேலே பாயத் திரும்பினான் என்றும் ஆகும் என்பது அவருக்கு அப்போது தோன்றவில்லை. ஜாமீனில் வெளியே வந்து முதன்முதலாக சம்பத்குமாரின் ஆபீசில் உட்கார்ந்தபோது, அவர் அந்த வாக்குமூல நகலைப் படித்துவிட்டு விரலால் அந்த இடத்தைத் தட்டினார். அண்ணா, இந்த வார்த்தைய உங்களுக்கு யாரு சொல்லிக் கொடுத்தா என்று கேட்டார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்றதும் சிரித்தார். அப்புறம்தான் பாடம் எடுத்தார். ராத்திரியில் பூட்டை உடைத்து வருகிறவன் என்றால் சட்டம் வீட்டுக்காரன் பக்கம் நிறையவே சாயும். இது பட்டப்பகல், திறந்த வீடு, வந்தவன் கையில் ஆயுதம் இல்லை. பொருளைக் காப்பாற்ற அடிக்கலாம், பிடித்துக் கட்டிப்போடலாம், உயிர் போகிற மாதிரி அடிக்க மட்டும் உரிமை கிடையாது. ஒன்றே ஒன்று இருந்தால் உண்டு. இவன் என்னைக் கொன்றுபோடுவான், இல்லை கைகாலை முறித்துவிடுவான் என்று நியாயமாகப் பயப்பட ஒரு காரணம். நாலு கிலோ காயில் ஒரு காரணம்தான், அதைத் தூக்கிப் போட்டால் மண்டை தாங்காது. ஆனால் அவன் அதைக் கீழே வைத்துவிட்டான் என்று அங்கமுத்து வாயெடுத்தபோது வக்கீல் கையைக் காட்டி நிறுத்தினார்.

"வித்தியாசம் ரொம்பச் சின்னதுங்ணா. வர்றவனை அடிச்சா தற்காப்பு. போறவனை அடிச்சா கொலை."

காதுக்குப் பின்னால் விழுந்த அடிக்கு, பாய வந்தவன் குனிந்தபோது பட்டது என்று வக்கீலிடம் ஒரு பதில் இருந்தது. செருப்புக்கும் ஒரு பதில் இருந்தது. கோர்ட்டில் சான்றுப் பொருளாக அந்த ரப்பர் செருப்பும் ஒரு பையில் இருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு வருகிறவன் ஆளைக் கொல்ல வருவானா என்று அரசு வக்கீல் கேட்பார், சத்தம் கேட்கக் கூடாது என்று கழற்றியிருக்கிறான், எவ்வளவு தேர்ந்த திருடன் பாருங்கள் என்று நாம் சொல்வோம் என்றார். அங்கமுத்துவுக்கு அது சரியாகப் படவில்லை. அவன் சத்தத்துக்குக் கழற்றியவன் இல்லை. அடுத்தவர் வீட்டுக்குள் செருப்போடு நுழையக் கூடாது என்று பழகிய கால், திருடப் போகும்போதும் தன்னால் கழற்றிவிட்டது, அவ்வளவுதான். அந்தக் கால்தான் அவரை வாங்க என்று சொல்லவைத்தது. சொன்ன பிறகு உள்ளே திருடன் நிற்கிறான். யாரோ வந்துவிட்டார்கள் என்று குளிர்ந்த மனசு, யாரும் வரவில்லை என்று தெரிந்ததும் எப்படிக் கொதித்தது. செப்புக் காயில் என்ன பெரிய காயில், பழைய இரும்புக்காரனுக்கு அவரே போடவிருந்தது. பயமா கோபமா என்றால் இரண்டும் இல்லை, ஏமாந்துபோன ஒன்று, விருந்துக்கு இலையைப் போட்டுவிட்டு வெறும் இலையைப் பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி ஒன்று. அதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறதா என்று அவர் வக்கீலைக் கேட்கவில்லை. கேட்டால் அந்த மனிதர் பயந்துபோவார்.

தாழ்வாரத்தில் வெயில் ஒரு முழம் ஏறியிருந்தது. டீக்காரர் தூக்குவாளியோடு வந்தார், அங்கமுத்து வேண்டாம் என்று தலையசைத்தார். வாய் கசந்தது. பின்கதவின் தாழ்ப்பாள் நினைவுக்கு வந்தது, நினைப்பு எங்கே சுற்றினாலும் கடைசியில் வந்து நிற்கிற இடம். வீடு கட்டிய வருஷத்துத் தாழ்ப்பாள். மழைக்கு மரம் உப்பி, நேராக இழுத்தால் வராது, கொஞ்சம் தூக்கிப் பிடித்து இழுக்க வேண்டும். வீட்டு ஆளுக்கு மட்டும் தெரிந்த சூட்சுமம். பாவாயி இருந்த வரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தாள், ஊர்த் தண்ணியெல்லாம் திருப்பி விடுற மனுசனுக்கு வீட்டுத் தாழ்ப்பாளுக்கு ரெண்டு சொட்டு எண்ணெய் விட நேரமில்லையாக்கும் என்று. இருபத்தெட்டு வருஷம் வால்வு திருப்பியவர்தான். காலையில் நாலு மணிக்குக் கிழக்குத் தெரு, ஐந்தரைக்குக் காலனி, எத்தனை சுற்று வலது, எத்தனை சுற்று இடது என்று கை தானே எண்ணும். அந்தக் கை. நாளைக்கு விடுகிறேன் என்றார், அடுத்த வாரம் என்றார், பிறகு அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள், பிறகு அவள் இல்லை, பிறகு அந்தக் கதவைத் திறக்கவே வேலை இல்லை. அவன் போய் அந்தத் தாழ்ப்பாளை இழுத்தான். வரவில்லை. மறுபடியும் இழுத்தான். தோள் குலுங்கியது, கறுப்பு நூல் தையல் விரிந்து சுருங்கியது. அப்போதுதான் அதைப் பார்த்தது. தூக்கி இழு என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் கதவு திறந்திருக்கும், அவன் புழக்கடை வழியாக முருங்கை மரத்தைத் தாண்டி ஓடியிருப்பான், செருப்பு வாசலில் கிடந்திருக்கும், அதை அவர் எடுத்துக் குப்பையில் போட்டிருப்பார். அல்லது இவரே வாசலை விட்டு இரண்டு அடி தள்ளி நின்றிருக்கலாம். அதைக்கூடச் செய்யவில்லை. பாவாயி இருந்திருந்தால் என்ன செய்திருப்பாள். ஏன்டா, கேட்டா குடுக்க மாட்டமா என்று ஒரு வசவு வைது, காயிலைப் பிடுங்கிக்கொண்டு, கதவைத் திறந்துவிட்டிருப்பாள். அவள் எதையும் சீக்கிரம் மன்னிப்பவள் இல்லை, ஆனால் அடிக்க மாட்டாள்.

இன்னொன்றும் இருக்கிறது. அதை அவர் வி.ஏ.ஓ.விடம் சொல்லவில்லை, வக்கீலிடம் சொல்லவில்லை, போனில் அழுத மகளிடமும் சொல்லவில்லை. தாழ்ப்பாள் வராதபோது, திரும்பாமலே, கதவைப் பார்த்தபடியே அவன் பேசினான். போயிர்றேங்க என்றான். சாதாரணமாக, சத்தமில்லாமல். விருந்துக்கு வந்தவன் நேரமாகிவிட்டது என்று எழுந்துகொள்ளும்போது சொல்கிற மாதிரி. இவர் வாங்க என்றதற்கு அவன் பதில் அதுதான் போலிருக்கிறது. அதைக் கேட்ட பிறகா அடித்தார், கேட்பதற்கு முன்னாலேயே கை போய்விட்டதா. இங்கேதான் நினைப்பு சிக்கும். சில நாள் சொல் முதலில் வரும், சில நாள் அடி முதலில் வரும். அடித்த பிறகு பேசியிருக்க முடியாது, ஆக முன்னால்தான் பேசினான், அது தெரிகிறது. முன்னால் என்றால் எவ்வளவு முன்னால். ஓங்கிய கையை நிறுத்துகிற அளவுக்கு முன்னாலா. நிறுத்தியிருக்கலாம். வேகமாகச் சுற்றிவிட்ட வால்வையே பாதியில் பிடித்து நிறுத்துகிற கை அது.

ஜாமீன் கிடைக்கும்வரை சிறையில் நாற்பத்தேழு நாள் இருந்தார். முழங்காலை மடக்க முடியாமல் அங்கே கக்கூசில் பட்ட பாட்டை யாரிடம் சொல்வது. பக்கத்தில் ஒருவர் எழுபது வயசு, தினமும் விடியலில் எழுந்து, இல்லாத மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகிறேன் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். தண்டனை ஆகிவிட்டால் ஆயுசுக்கும் அதுதான். நாமும் ஒருநாள் அப்படிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலனிக்குத் தண்ணீர் விடப் போகிறேன் என்று நிற்போம் என்று நினைக்கும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. இதோ, இது பயம், இதற்கு நூலின் நிறமெல்லாம் தெரியாது. கோகிலவாணி காலையில் ஆறு மணிக்கே போன் பண்ணினாள். அப்பா, வக்கீல் சொன்னத மட்டும் சொல்லுங்க, ஒரு வார்த்தை கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம், உங்க பேரன் தாத்தா எங்கேன்னு கேட்டா நான் என்ன சொல்லட்டும் என்றாள். என் பக்கம் திரும்பினான். மூன்று சொல். பஸ்ஸில் வரும்போது உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தார், பக்கத்தில் இருந்தவர் என்னங்க என்று கேட்டார்.

வெயில் எதிர்ப்பக்கத்து பெஞ்சுக்கு வந்துவிட்டது. அங்கே உட்கார்ந்திருந்த பூங்காவனம் எழுந்து, சுற்றிலும் பார்த்து, வேறு இடமில்லாமல் அவருடைய பெஞ்சின் மறுகோடியில் வந்து உட்கார்ந்தாள். மாதேஷின் மனைவி. ஒரு வாய்தா தவறாமல் வருகிறவள். முதல் வாய்தாவில் வாசல் மண்ணை அள்ளி அவர் மேல் வீசினாள், போலீஸ்காரர்கள் இழுத்துப் போனார்கள். அப்புறம் மண் இல்லை, சாபம் இல்லை, பார்வைகூட இல்லை. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைக்குப் போகிறாளாம். மடியில் கிடந்த விரல்களின் நுனி மெருகு போட்டுக் கறுத்திருந்தது. அவர் பார்க்க வேண்டாம் என்று நினைத்தார், பார்த்தார். அந்த விரல்தான் கறுப்பு நூலைக் கோத்திருக்கும். பல்லால் கடித்து அறுத்திருக்கும். எழுந்து போய்விடலாமா, போனால் தப்பு, இருந்தால் தப்பு. ரொம்ப நேரம் கழித்து, அவரைப் பார்க்காமலே, அவள் பேசினாள்.

"உங்கள ஒண்ணு கேக்கலாங்களா?"

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"திருடத்தான் வந்தாரு. அது எனக்குத் தெரியுமுங்க, நான் அதுக்கு வக்காலத்து வாங்கல. எம் பொண்ணுதான் அரிச்செடுக்குறா. அப்பா கடைசியா என்னம்மா சொல்லுச்சுன்னு. ஏதாச்சும் சொன்னாருங்களா?"

அங்கமுத்துவுக்குத் தொண்டைவரை வந்தது. சொல்லிவிடலாம், இவள் ஒரு பெண்பிள்ளை, எழுதிக்கொள்ளவா போகிறாள். போயிர்றேங்கன்னு சொன்னாரும்மா. சொன்னால் என்ன ஆகும். அவள் எழுந்து நேரே அரசு வக்கீலிடம் போவாள், போகாமல் இருக்க அவளுக்கு என்ன காரணம் இருக்கிறது. போகமாட்டாள் என்றே வைத்துக்கொண்டாலும், போகிறேன் என்றவனை ஏன் அடிச்சீங்க என்று கேட்பாள். அந்தக் கேள்வியை நீதிபதி கேட்டால் வக்கீல் இருக்கிறார். இவள் கேட்டால் யார் இருக்கிறார்கள்.

"ஒண்ணும் சொல்லலம்மா" என்றார்.

அவள் "அப்படிங்களா" என்றாள். பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி, "வாய் மூடுற ஆளில்லைங்க அது. பஸ்ல ஏறுனா டிரைவருக்கே வழி சொல்லும்" என்றாள். சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தாள்கூட. அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று இருவருக்கும் தெரியவில்லை. ஒண்ணும் சொல்லாமலா போனாரு என்று இன்னொரு தடவை, கேள்வியாக இல்லாமல், சொன்னாள். அங்கமுத்து தரையைப் பார்த்தார். சிமெண்டுத் தரையில் ஒரு விரிசல் ஓடியது, அது எங்கே போய் முடிகிறது என்று கண்ணாலேயே பின்தொடர்ந்தார். இப்போது சொன்னால்கூடச் சரி. மறந்துபோச்சும்மா, இப்பத்தான் நெனப்பு வந்தது என்று சொல்லலாம். விரிசல் சுவரில் போய் முடிந்தது. டவாலி வெளியே வந்து அவர் பெயரை மூன்று தடவை கூப்பிட்டார்.

உள்ளே மின்விசிறி சத்தம். சம்பத்குமார் கோட்டைச் சரிசெய்துகொண்டே, தெளிவாச் சொல்லுங்ணா, இழுக்காதீங்க என்று காதருகே சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போனார். கூண்டின் கட்டை எத்தனையோ பேர் கை பட்டு வழவழப்பாக இருந்தது. நீதிபதி ஐம்பது வயசுப் பெண்மணி, சளி பிடித்திருந்தது, கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துவிட்டு ஒவ்வொரு கேள்வியாகப் படித்தார். பக்கத்து வீட்டுக்காரர் இப்படிச் சாட்சி சொல்கிறார், என்ன சொல்கிறீர்கள். சரிதாங்க. டாக்டர் காயத்தைப் பற்றி இப்படிச் சொல்கிறார். தெரியாதுங்க. டைப்படிக்கும் பெண் அவர் பதில் முடியும் முன்பே அடித்து முடித்துவிட்டு அடுத்ததற்குக் காத்திருந்தாள். எட்டு, ஒன்பது, பத்து என்று எண்ணிக்கை போய்க்கொண்டிருந்தது. இதென்ன இவ்வளவுதானா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. பூங்காவனம் கதவோரம் வந்து நின்றுகொண்டிருப்பது தெரிந்தது. நீதிபதி காகிதத்திலிருந்து நிமிர்ந்தார்.

"இறந்தவர் திரும்பினார்னு வி.ஏ.ஓ. கிட்ட சொல்லியிருக்கீங்க. எந்தப் பக்கம் திரும்பினார்?"

நீலச் சட்டை வந்தது. தோள் குலுங்கியது. தூக்கி இழு, தூக்கி இழு என்று எங்கேயோ ஒரு வாய் கத்தியது, அது அன்றைக்குக் கத்தியிருக்க வேண்டிய வாய். வாங்க என்று சொன்ன வாயும் அதுதான். கம்பியைப் பிடித்துக்கொண்டு கிழவர் நின்றார். பேரன் தாத்தா எங்கே என்றான். வக்கீல் பேனாவை மூடிவிட்டு அவரைப் பார்த்தார். கதவோரம் இருந்தவளும் பார்த்தாள், அவளுக்கு இந்தக் கேள்வி புதிதாக இருந்திருக்கும், இதற்கு ஒரு பக்கம் உண்டென்றே அவள் நினைத்திருக்க மாட்டாள். சொல்லிவிடு அங்கமுத்து என்று பாவாயியின் குரலில் வராதா என்று காத்திருந்தார். அவள் ஒருநாளும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவள் இல்லை. வரவில்லை.

"என் பக்கம்" என்றார். குரல் தெளிவாகவே வந்தது, இழுக்கவில்லை.

டைப் அடிக்கும் சத்தம் கேட்டு நின்றது. நீதிபதி அடுத்த கேள்விக்குப் போனார். மீதி எட்டுக் கேள்விக்கும் அவர் என்ன சொன்னார் என்பது அவருக்கே பிறகு நினைவில்லை. எல்லாம் முடிந்து, நாலு பக்கத்தையும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் போட்டார். கதவோரம் யாரும் இல்லை. சம்பத்குமார் தோளைத் தட்டினார். கிளார்க் காகிதங்களை வாங்கி, மூலையில் ஓட்டை போட்டு, நூல் கோத்து முடிச்சுப் போட்டார். பதினாலாவது கேள்வி, பதில்: என் பக்கம் திரும்பினான். கேஸ் கட்டுக்குள் இருப்பது அவ்வளவுதான்.